ஜீப்பின் முதுகில் ஒரு சக்கரம்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜீப் வைத்திருப்பவரிடம் போய், ‘உங்க வண்டியில எத்தனை பேர் உட்காரலாம்?’ என்று கேட்டால் சிரிப்பார். அங்கே கணக்கு ஆளில் இல்லை, மூட்டையில். சாமை அறுப்பு முடிந்தால் சாமை, பங்குனியில் புளி, வைகாசி ஆனியில் பலா, புரட்டாசியில் சீத்தாப்பழக் கூடைகள். ஒரு மூட்டை கூடுதலாக ஏறினால் ஒரு நடை மிச்சம். ஒரு நடை மிச்சமானால் டீசல் மிச்சம். இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது எது தெரியுமா? ஸ்டெப்னி.

மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும், கைமாறி வந்த ஒரு பழைய மகிந்திரா ஜீப்பும் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வண்டியை அவருக்கு முன்னால் வைத்திருந்தவர், மூட்டை ஏற்றி இறக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்கதவையே எடுத்துவிட்டு ஒரு சங்கிலி போட்டிருந்தார். ஸ்டெப்னி மாட்டும் இடம் அந்தக் கதவோடு போய்விட்டது. அதனால் சக்கரம் உள்ளே கிடக்கும். கிடந்தால் இரண்டு மூட்டை இடம் போகும். சாமை எடைபோடும் தராசில் ஒருநாள் தூக்கி வைத்துப் பார்த்தார், 28 கிலோ. கட்டாமல் உள்ளே கிடக்கும் 28 கிலோ இரும்பும் ரப்பரும், பிரேக்கை அழுத்தினால் யார் முதுகுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, லோடு அதிகமான நாட்களில் அதை இறக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டுப் போவது வழக்கமானது. அந்த மலையில் அவர் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை.

போன புரட்டாசியில் ஒரு நாள். காலையில் சீத்தாப்பழக் கூடைகள் ஏற்றி இறக்கி முடித்து வண்டி வீட்டு வாசலில் நின்றது. சக்கரம் திண்ணையில். இரவு எட்டு மணிக்கு மேல் மழை விட்டதும் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போன அவருடைய அண்ணியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அண்ணனும் தம்பியும் அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போளூருக்கு இறங்கும் மலைப்பாதையில் கிளம்பினார்கள். நாலாவது வளைவு தாண்டியதும் மழையில் உருண்டு வந்திருந்த கல் ஒன்று பின்பக்க டயரின் விலாவைக் கிழித்துவிட்டது. பஞ்சர் என்றால் காற்றடித்து ஓட்டலாம். விலா கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. செல்போனில் சிக்னல் இல்லை. காய்கறி ஏற்றிய மினி லாரி ஒன்று மேலிருந்து இறங்கி வரும்வரை காத்திருந்தார்கள். ஐம்பது நிமிடம்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். ஆனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, எட்டு முறை டயாலிசிஸ் செய்யவேண்டியிருந்தது. அந்த ஐம்பது நிமிடம்தான் காரணமா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும், விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று மட்டும் சொன்னார்கள். அந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆனபின், திண்ணையில் சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்தபடி அண்ணிதான் பேச்சை எடுத்தார்.

‘‘தம்பி, இதுக்கு வண்டிக்கு வெளியில ஒரு இடம் பண்ணிடு. உள்ள வெச்சா நீ மறுபடியும் இறக்கித்தான் வெப்ப.’’

‘‘சரிங்க அண்ணி.’’

வேல்ஸ் நாட்டுத் தெரு

ஸ்டெப்னி என்கிற சொல் இன்றைக்கு நம் கிராமத்துச் சொல்லாகவே ஆகிவிட்டது. வேறு கேலிக்கும் அதைப் பயன்படுத்துவோர் உண்டு, அது வேறு கதை. மோட்டார் கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது. டயர் போனால் சாலையோரத்தில் உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்ற ஊரில், தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904-ல் இதற்கு ஒரு வழி செய்தார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைப் பிடிப்பான்களால் இறுக்கிவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம். அவருடைய பட்டறை இருந்தது அந்த ஊரின் ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரர்களே அந்தப் பெயரை மறந்துவிட்ட பிறகும் நாம் விடவில்லை. பிரேசில் நாட்டிலும் இதே பெயர்தான் கொஞ்சம் மாறி வழங்குகிறது.

இப்போது வரும் புதிய கார்களில், டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. நாலுவழிச் சாலைக்கு அது சரி. விலா கிழிந்த டயரை எந்தப் பசையும் ஒட்டாது. மலைக்காரருக்கு முழுச் சக்கரம் வேண்டும்.

பெயர்ந்து போன முதல் வேலை

அண்ணி சொன்னதும் செய்த முதல் வேலை உருப்படவில்லை. அடிவாரத்து வெல்டிங் பட்டறை ஒன்றில், ஜீப்பின் பின்பக்கத் தகட்டின் ஓரத்தில் இரண்டு பட்டைக் கம்பியைப் பற்றவைத்து, அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் தாங்கியது. ஒருநாள் பார்த்தால் பற்று அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த தகடு வட்டமாகக் கிழிந்து கையோடு வருகிறது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் 28 கிலோவைத் தொங்கவிட்டுக் குழியில் குதிக்கவைத்தால் வேறென்ன நடக்கும்? பாடித் தகடு என்பது மேல்சட்டை மாதிரி. அதில் பை தைக்கலாம், படிக்கல் போட முடியாது.

அந்தக் கிழிசலோடு, புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் சில அடுக்குமாடி வீடுகளுக்கு வருடாவருடம் புளியும் சாமை அரிசியும் நேரடியாகக் கொடுப்பது பழக்கம். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது மயிலாப்பூரில். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு, ஜீப்பை நிறுத்தினால் ஆட்டோ போக முடியாது. மாப்பிள்ளை அடையாற்றில் ஒரு கார் பட்டறையில் ஃபிட்டர்.

வண்டியின் பின்பக்கம் போய்க் கிழிந்த தகட்டை விரலால் தடவிப் பார்த்த மாப்பிள்ளை, ‘‘மாமா, நம்ம காட்டுல படல் கட்டுவீங்களே, அது ஏன் தொங்குது?’’ என்றார்.

‘‘மேல் முளை பிடுங்கிக்கும் மாப்பிள்ளை. அகலம் அதிகமானா சீக்கிரம் பிடுங்கிக்கும்.’’

‘‘அதேதான் இதுவும்.’’

எழுதிப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. சக்கரத்தின் நடு, கீலிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 கிலோவை 70-ஆல் பெருக்கினால் 1,960. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 30 செ.மீ. என்றால், 1,960-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 65 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே மேல் கீலை 65 கிலோ வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை அதே அளவு உள்ளே தள்ளுகிறது. குழியில் விழுந்து எழும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 200 கிலோவுக்குப் பக்கம். கேட்டுக்குப் போடும் சாதாரணக் கீல் இதற்கு ஆகாது. இழுப்பு மட்டும் இல்லை, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இழுத்து விட்டு இழுத்து விட்டு இரும்பே களைத்துப்போகும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைப்போமே, அதுதான்.

ஆகவே மூன்று முடிவுகள் எடுத்தார்கள். பாரம் பாடியில் விழக்கூடாது, சேஸில் விழ வேண்டும். கீலுக்குப் பதில் பேரிங் உள்ள ஹப் வேண்டும். மூடியிருக்கும்போது கையின் மறுமுனை காற்றில் நிற்காமல் ஒரு தாங்கியில் உட்கார வேண்டும். முழுவதும் திறக்கிற மாதிரி ஏன் செய்ய வேண்டும், நிலையாகவே மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மூட்டை ஏற்றுவது பின்பக்கமாகத்தான். நிலையாக மாட்டினால் பிழைப்பு நின்றுவிடும்.

பாண்டி பஜாரில் ஒரு மாலை

முதலில் நல்லதாகச் செய்தவற்றைப் பார்க்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. அதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, தி.நகர் போனால் போதும். காட்டைக் கனவிலும் காணாத ஜீப்புகள் பாண்டி பஜாரில் வரிசையாக நிற்கின்றன. முதுகில் புத்தம்புதுச் சக்கரம், அதற்கு ஒரு உறை வேறு. மலை விவசாயி ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து, சாணும் முழமுமாக அளந்துகொண்டே போனார். ஒரு கடைக் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

‘‘என்ன பெரியவரே, அந்த டயரையே பார்க்கிறீங்க?’’

‘‘எப்படி மாட்டியிருக்கான்னு பார்க்கிறேன் தம்பி.’’

‘‘கழட்டுறதுக்கா?’’

‘‘மாட்டுறதுக்கு!’’

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள் என்றாலும், காவலாளி கூடவே நடந்து வந்தாராம். அந்த ஒரு மாலையில் கற்றது கொஞ்சமில்லை. கம்பெனியிலிருந்தே பின்கதவில் சக்கரத்தோடு வரும் வண்டிகளில், அந்தக் கதவும் கீலும் மற்றக் கதவுகளைவிடக் கனமாக இருக்கின்றன. கதவு மூடியதும் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு ரப்பர் மொட்டுகள் அழுந்திக்கொள்கின்றன, ஆட்டம் இல்லை. நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் சக்கரம் மறைக்காத பக்கத்தில் இருக்கின்றன.

புதுப்பேட்டை

பழைய வண்டி உதிரி பாகம் என்றால் சென்னையில் எல்லோரும் கைகாட்டுவது புதுப்பேட்டையை. எழும்பூரை ஒட்டி, கூவத்தின் கரையில், தெருவுக்குத் தெரு பிரித்துப் போட்ட வண்டிகள். எஞ்சின் ஒரு கடை, கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை. தேடியது, பழைய கார் ஒன்றின் பின்சக்கர ஸ்டப் ஆக்ஸிலும் ஹப்பும். டிராக்டர் டிரெய்லரின் சின்ன ஹப் இருந்தாலும் ஆகும், ஆனால் எடை கூடும்.

கிடைத்த கடையில் இருந்தவர் வயதானவர்.

‘‘பாய், இது எந்த வண்டியோடது?’’

‘‘வண்டியைக் கேக்காதீங்கண்ணே, பேரிங்கைக் கேளுங்க.’’

சொல்லிவிட்டு அவரே ஹப்பைச் சுற்றிக் காதோரம் வைத்துக் காட்டினார். நல்ல பேரிங் சத்தமே போடாமல் சுற்றும். மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தால் வேண்டாம். ஆக்ஸிலை ஒரு கையில் பிடித்து ஹப்பை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. பேரிங் உட்காரும் இடத்தில் புள்ளிபுள்ளியாக அரிப்பு இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வாங்கியதற்குக் கையோடு பில் கேட்பது நல்லது. பழைய சாமான் எங்கிருந்து வந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

பழைய பேரிங்கை நம்பவேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய உதிரி பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய பேரிங்கில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினால் போதும், புதிய டேப்பர் பேரிங் ஒரு ஜோடியும் ஆயில் சீலும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மொத்தச் செலவில் பேரம் பேசாமல் வாங்க வேண்டியது இது ஒன்றுதான். ஹப்பின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஐந்தாறு செ.மீ.தான் இடைவெளி. அதே 1,960-ஐ 5-ஆல் வகுத்தால் 392 கிலோ வருகிறது. பயந்துவிட வேண்டாம். ஓடும் கார் வளைவில் திரும்பும்போது இதைவிடப் பல மடங்கு இழுப்பைத் தாங்கிய ஹப்தான் அது.

பட்டறையில்

வேலை நேரம் முடிந்தபிறகு பட்டறையைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி சம்மதித்தார். மூன்று மாலைகள் ஆயின.

இரும்பு வாங்கும்போது விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். எடையைச் சொன்னால் அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 50-க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. தடிமன், மீட்டருக்கு சுமார் நாலரை கிலோ. பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கும் சுழலும் கைக்கும் சேர்த்து மூன்று மீட்டர் பிடித்தது, பதிமூன்றரை கிலோ. சக்கரம் மாட்டும் பலகைக்கு 6 மி.மீ. தகடு 20 செ.மீ. சதுரம், அது இரண்டு கிலோவுக்குள். ஹப், தாங்கி, போல்ட் எல்லாம் சேர்த்தால் 25 கிலோவை ஒட்டி வரும். கெட்டியாக இருக்கட்டும் என்று 5 மி.மீ. குழாய்க்கு ஆசைப்பட்ட மாமனாரை மாப்பிள்ளை தடுத்துவிட்டார். சக்கரம் 28, கேரியர் 25, ஆக 53 கிலோ பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 2.3 மீட்டர் உள்ள ஜீப்பில் இது முன்சக்கரத்திலிருந்து 18 கிலோவைத் தூக்கிவிடும். ஏற்றத்தில், பின்னால் மூட்டையும் இருந்தால், ஸ்டீயரிங் லேசாகிவிடும். மலையில் அது நல்லதல்ல. கேரியரை எவ்வளவு கெட்டியாகச் செய்யலாம் என்பதைவிட, எவ்வளவு லேசாகச் செய்தால் தாங்கும் என்பதுதான் கேள்வி.

குறுக்குச் சட்டத்தைச் சேஸில் பற்றவைக்கவில்லை. சேஸில் ஏற்கெனவே இருந்த துளைகளில் 12 மி.மீ. போல்ட்டுகளால், உள்பக்கம் ஒரு தடித்த தகடு கொடுத்து இறுக்கினார்கள். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். பொறிப்பே இல்லாத போல்ட் கேட்டுக்கும் கொட்டகைக்கும் சரி, இதற்கு ஆகாது. சேஸில் பற்றவைத்தால் சூடுபட்ட இடத்தை ஒட்டி விரிசல் விடும். வேண்டாம் என்றால் கழற்றவும் முடியாது.

ஸ்டப் ஆக்ஸிலைச் செங்குத்தாக நிறுத்துவதில்தான் முதல் மாலை முழுவதும் போனது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, தூக்குநூல் விட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, நாலு புள்ளி மட்டும் பற்றவைத்து, மறுபடி பார்த்து, பிறகுதான் முழுப் பற்று. அதுவும் ஒரே பக்கமாகச் சுற்றி வரவில்லை. எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் பற்றவைத்தால்தான் இழுத்துக்கொண்டு சாயாது. ஆக்ஸில் சாய்ந்துவிட்டால் பிறகு கை தானாகத் திறக்கும், அல்லது மூடும்போது தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சக்கரப் பலகையில் துளை போடுவதற்கு அளவுநாடா தேவைப்படவில்லை. மகிந்திரா ஜீப்பின் சக்கரத்தில் ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். ரிம்மையே தகட்டின் மேல் வைத்து, துளை வழியாகக் குறித்துவிட்டார்கள். ஐந்தில் மூன்று போல்ட் போதும். சக்கர நட்டின் கூம்பு முகம் ரிம்மின் குழியில் சரியாக உட்கார வேண்டும். சாதாரண நட்டைப் போட்டால் ரிம் துளையைத் தின்றுவிடும்.

மூடியதும் கையின் மறுமுனை ஏறி உட்கார, லேசாகச் சரிவு கொடுத்த ஒரு தாங்கி. அதன்மேல் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு. பூட்டுவதற்குக் கடையில் விற்கும் பளபளப்பான கொக்கி எதையும் அவர் வாங்கவில்லை. கலப்பையை டிராக்டரில் மாட்டும்போது போடும் லிஞ்ச் பின் இருக்கிறதே, அதுதான். தடித்த ஒரு முளை, குறுக்கே லிஞ்ச் பின். தொலைந்தால் ஜமுனாமரத்தூரிலேயே கிடைக்கும். அதே மாதிரி இன்னொரு துளை, கை முழுவதும் திறந்த நிலையிலும் பூட்ட. இதை யாரும் யோசிப்பதில்லை. மலையில் சரிவில் நிறுத்தி மூட்டை ஏற்றும்போது, 28 கிலோ சக்கரத்தோடு கை வீசி வந்தால் ஆள் எலும்பு தாங்காது.

பற்றவைக்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் போகும். புதிய வண்டி என்றால் கம்ப்யூட்டரும் போகும். டீசல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி கூடாது. வீட்டில் கிடக்கும் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றும். துத்தநாகப் பூச்சின் மேல் பற்றவைத்தால் வெள்ளைப் புகை வரும், அதை முகர்ந்தால் இரவில் குளிர்காய்ச்சல் அடிக்கும். வேண்டாம். கடைசியாக, குழாயின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று. உள்ளே போகும் மழைநீர் வெளியேறாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும். மேலே ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, கறுப்பு ஒரு பூச்சு.

நம்பர் பிளேட்டும் சட்டமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் தயாரித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கழற்றி மாட்டும் கேரியர்தானே என்று நாமாக முடிவு செய்துகொள்வதைவிட, ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அவர் ஊர் திரும்பும்முன் கேட்டு, காட்டி, தெளிவு செய்துகொண்டார். கேரியரால் நம்பர் பிளேட், பின்விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையக் கூடாது. சக்கரம் நடுவில் வந்ததால் நம்பர் பிளேட்டையும் அதன் விளக்கையும் இடப்பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

வேலை முடிந்த இரவே நட்டுகளின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார் மாப்பிள்ளை. கோட்டின் பாதி நட்டில், பாதி தகட்டில். நட்டு இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மறுநாள் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை இரண்டு நடை. வேகத்தடைக்கும் குழிக்கும் சென்னையில் பஞ்சமா? ஒரு கோடு உடைந்திருந்தது. இறுக்கினார்கள். ஊருக்குப் போகிற இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான பாதையில் மூன்று இடத்தில் இறங்கிப் பார்த்தார், எல்லாம் நேராக இருந்தது. இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். பற்றவைத்த இடத்தில் பெயின்ட்டின் மேல் மயிரிழை மாதிரி துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். மேலே பெயின்ட் அடித்து மறைக்காமல், அரைத்தெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும்.

ஊரில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். கேள்விகளுக்குக் குறைவில்லை. கூரைமேல் கட்டிவிட்டால் செலவு மிச்சமாயிற்றே என்றார் ஒருவர். 28 கிலோவை உச்சியில் வைத்தால் சரிவில் வண்டி சாயும் பயம் கூடும். தவிர, மழை இரவில் தனியாளாக அதை மேலிருந்து இறக்குவது யார்? இன்னும் கொஞ்சம் தாழ்த்தி மாட்டினால் எளிதில் எடுக்கலாமே என்றார் இன்னொருவர். தாழ்த்தினால் ஓடைப் பள்ளத்தில் ஏறும்போது சக்கரம் தரையில் இடிக்கும். இடுப்பு உயரம்தான் கணக்கு. வெயிலில் கிடந்தால் டயர் வெடிக்காதா என்றதற்கு, வெடிக்காது, ஆனால் ரப்பர் வெடிப்புவிட்டு வீணாகும், பழைய தார்ப்பாய்த் துண்டில் உறை தைத்துப் போட்டால் போதும் என்றார். ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார்: ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டயரின் விலாவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்தது. ஓடாத டயரும் கிழடாகும்.

இந்த முறை சாமை ஏற்றும்போது உள்ளே இருந்த இடம் முழுவதும் மூட்டைக்கே கிடைத்தது. சக்கரம் வெளியே, லிஞ்ச் பின்னோடு. கொட்டகை வாசலில் விளக்கு போட்டாயிற்று, விறகும் தரையில் இல்லை, பரண்மேல். அண்ணி வாரத்துக்கு ஒருமுறை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதோடு சரி. காற்று குறைந்திருந்தால் கொழுந்தனாரைக் கூப்பிடுகிறார்.

ஜாக்கிக்கும் வீல் ஸ்பானருக்கும் அதே கையில் இடம் விட்டிருக்கிறார்கள், கிளாம்ப் மட்டும் பாக்கி. அடுத்த நடை புளி அடையாற்றுக்கு ஏறும்போது செய்து கொடுத்துவிடுவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.